எழுபதைத் தாண்டியதா, தாண்டவில்லையா?

கோவையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியறை. மேசைமேல் இரண்டு திரைகள். இரண்டிலும் நிஃப்டி ஃபியூச்சர்ஸ், ஐந்து நிமிட கேண்டில், கீழே ஆர்.எஸ்.ஐ. 14. ஒரு திரை 71 என்கிறது. பக்கத்துத் திரை 65 என்கிறது. எழுபதைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார் மனுஷர். புதிய பிளாட்ஃபார்முக்கு மாறலாமா என்று ஒரு வாரமாக இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

“இதுல எதுங்க பொய் சொல்லுது?”

“ரெண்டுமே நெசந்தானுங்க” என்றேன். அவர் நம்பவில்லை. மகளுடைய கணக்கு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஆர்.எஸ்.ஐ. கேட்பது ஒரே ஒரு கேள்வி. கடந்த 14 கேண்டிலில் விலை மேலும் கீழுமாக நடந்த தூரத்தில், மேல்நோக்கி நடந்தது எத்தனை சதவீதம்? ஒவ்வொரு கேண்டிலின் இறுதி விலையும் முந்தையதைவிட எத்தனை புள்ளி ஏறியது, எத்தனை இறங்கியது என்று தனித்தனியே கூட்டுகிறோம். ஏற்றம் மொத்தம் 84 புள்ளி, இறக்கம் மொத்தம் 56 என்று வையுங்கள். நடந்த தூரம் 140. அதில் 84 என்பது 60 சதவீதம். ஆர்.எஸ்.ஐ. 60. இதுவரை எல்லாத் திரைகளும் ஒன்றுபோலத்தான் சொல்லும்.

பதினைந்தாவது கேண்டில் வருகிறது. 20 புள்ளி ஏற்றம். இங்கேதான் பாதை பிரிகிறது.

முதல் வழி, சாதாரணச் சராசரி. புதியவர் உள்ளே வந்தால் வரிசையில் ரொம்பப் பழையவர் வெளியே போக வேண்டும். வெளியே போகும் கேண்டில் 14 புள்ளி இறங்கியது என்று கொண்டால், ஏற்றம் 84 + 20 = 104, இறக்கம் 56 − 14 = 42. மொத்தம் 146-இல் 104. ஆர்.எஸ்.ஐ. 71.

இரண்டாம் வழியில் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. ஏற்றத்தின் சராசரி 6, இறக்கத்தின் சராசரி 4. பழைய சராசரிக்குப் பதின்மூன்று பங்கு, புதிய கேண்டிலுக்கு ஒரு பங்கு என்று கலக்கிறோம். ஏற்றம்: 6 × 13 + 20 = 98, அதைப் பதினாலால் வகுத்தால் 7. இறக்கம்: 4 × 13 = 52, பதினாலால் வகுத்தால் 3.71. ஆர்.எஸ்.ஐ. 65.

மூன்றாவது ஒன்றும் உண்டு. எக்ஸ்பொனென்ஷியல் சராசரி என்று எல்லாப் பிளாட்ஃபார்மிலும் இருக்கிறதே, அதன் வழக்கமான சூத்திரப்படி பழையதற்குப் பதின்மூன்று பங்கு, புதியதற்கு இரண்டு பங்கு. அப்படிக் கலந்தால் 69.4.

ஒரே சந்தை, ஒரே கேண்டில், ஒரே பெயர், ஒரே 14. ஒன்று எழுபதைத் தாண்டிவிட்டது, ஒன்று பக்கத்திலேயே வரவில்லை, ஒன்று வாசற்படியில் நிற்கிறது. நண்பர் நோட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தெர்மாமீட்டர் காய்ச்சலை அளப்பதுபோல இண்டிகேட்டர் சந்தையை அளக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காய்ச்சல் உடம்பில் இருக்கிறது, ஆர்.எஸ்.ஐ. சந்தையில் எங்கும் இல்லை. விலைகளை எடுத்து, ஒரு முறைப்படி கலந்து, ஓர் எண்ணாக இறக்கி வைக்கிறது மென்பொருள். எந்த விலைகளை எடுப்பது, எப்படிக் கலப்பது என்பதைப் பிளாட்ஃபார்மை எழுதியவர் தீர்மானிக்கிறார். எனவே பிளாட்ஃபார்ம் தேர்வு என்பது பொத்தான்களின் அழகைப் பற்றியது என்று யாராவது சொன்னால், அவர் அந்தப் பதினைந்தாவது கேண்டிலைப் பார்க்கவில்லை என்று பொருள்.

மேலே சொன்ன மூன்றில் அசல் எது? இரண்டாவது. ஆர்.எஸ்.ஐ.யை உண்டாக்கியவர் ஜே. வெல்லஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங், பிறகு ரியல் எஸ்டேட், அதற்குப் பிறகு சரக்குச் சந்தை. 1978-இல் ‘நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிகல் டிரேடிங் சிஸ்டம்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஆர்.எஸ்.ஐ. மட்டுமில்லை, ஏ.டி.ஆர்., ஏ.டி.எக்ஸ்., பாராபாலிக் எஸ்.ஏ.ஆர். என்று இன்று எல்லாத் திரைகளிலும் ஓடும் நான்கு இண்டிகேட்டர்கள் அந்த ஒரு புத்தகத்தில் வந்தவை. மேசைக் கணினி வீட்டுக்கு வீடு வராத காலம். கட்டம் போட்ட தாளில் நாள்தோறும் ஒரு வரி எழுதிக் கணக்குப் போடுவதற்காகவே அந்த முறைகளை அவர் அமைத்தார். ‘பதின்மூன்று பங்கு பழையது, ஒரு பங்கு புதியது’ என்பதும் அதனால் வந்ததுதான். பதினாலு நாள் விலையையும் தேடிப் பிடித்துக் கூட்ட வேண்டாம். நேற்றைய சராசரி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும். பென்சிலுக்குச் சிரமம் குறைக்கச் செய்த ஏற்பாடு அரை நூற்றாண்டு கழித்து நொடிக்குக் கோடிக் கணக்குப் போடும் இயந்திரத்துக்குள்ளும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. யாரையும் வெளியே அனுப்பாத சராசரி எதையும் முழுசாக மறப்பதில்லை. ஒவ்வொரு புதிய கேண்டிலுக்கும் பழைய நினைவு பதினாலில் பதின்மூன்றாகச் சுருங்குகிறது, அவ்வளவே. 14 கேண்டில் கழித்தும் தொடக்கத்தின் 35 சதவீதம் உள்ளே இருக்கும். 50 கேண்டில் கழித்து இரண்டரை சதவீதம். 100 தாண்டினால்தான் பதினாயிரத்தில் ஆறு பங்காக இறங்கும். பிள்ளையார் கோயில் எண்ணெய்க் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் இருந்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டே வருவதுபோல. வாசனை போகும், கடைசித் துளி என்று ஒன்று போகாது.

பிளாட்ஃபார்ம் தேர்வுக்கு இதனால் என்ன? நிறைய இருக்கிறது. சார்ட்டைத் திறந்தவுடன் 20 பழைய கேண்டிலை மட்டும் இறக்கிக் கணக்கைத் தொடங்கும் செயலியில், முதலில் தெரியும் ஆர்.எஸ்.ஐ. முக்கால்வாசிதான் முதிர்ந்தது. அதையே 500 கேண்டிலோடு தொடங்கும் செயலி வேறு எண்ணைக் காட்டும். சூத்திரம் இரண்டிலும் ஒன்றே என்றாலும் விடை ஒன்றாகாது. செல்போன் செயலியில் ஒரு எண், அதே நிறுவனத்தின் கணினித் திரையில் வேறு எண் என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைச் சோதிக்கலாம். சார்ட்டை இடப்பக்கம் இழுத்துப் பழைய கேண்டில்களைக் கொண்டுவந்தால் வலக்கோடியில் இண்டிகேட்டர் லேசாக அசைகிறதா? அசைந்தால் விஷயம் தெரிந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். வைல்டரின் 14, நாம் சாதாரணமாகச் சொல்லும் எக்ஸ்பொனென்ஷியல் சராசரியில் 27-க்குச் சமம். அதாவது அவருடைய பதினாலு மற்றவர்களுடைய பதினாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு நிதானி. விலை சீராக ஏறினால் அந்தச் சராசரி 13 கேண்டில் பின்தங்கியே வரும். ஐந்து நிமிட சார்ட்டில் 65 நிமிடம். தாமதத்தைக் குறைத்தால் நடுக்கம் கூடும், நடுக்கத்தைக் குறைத்தால் தாமதம் கூடும். ரேடியோ இரைச்சலை வடிகட்டும் எஞ்சினியருக்கும் இதே இழுபறிதான். ‘தாமதமே இல்லாத இண்டிகேட்டர்’ என்று விளம்பரம் வந்தால், நடுக்கத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

வைல்டர் புத்தகத்தின் மற்றொரு பிள்ளையான ஏ.டி.ஆர். நிலைமை இன்னும் சுவாரஸ்யம். ஒரு கேண்டில் சராசரியாக எவ்வளவு அசைகிறது என்று சொல்லும் எண் அது. ஸ்டாப்லாஸை எத்தனை புள்ளி தள்ளி வைப்பது என்பதற்குப் பலரும் அதைத்தான் நம்புகிறார்கள். டிரேடிங்வியூவில் உள்ள ஏ.டி.ஆர். வைல்டர் முறையில் கலக்கிறது. மெட்டாடிரேடர் 5-உடன் வரும் ஏ.டி.ஆர். சாதாரணச் சராசரி எடுக்கிறது. இரண்டும் வெளிப்படையாக எழுதப்பட்டவை, இரண்டிலும் தவறில்லை. ஆனால் ஒன்றில் பழகிய ‘இரண்டு ஏ.டி.ஆர். ஸ்டாப்லாஸ்’ மற்றொன்றுக்குப் போகும்போது வேறு இடத்தில் போய் உட்காரும். பொலிஞ்சர் பேண்டில்கூட, திட்டவிலக்கத்தைக் கணக்கிடும்போது 20-ஆல் வகுப்பதா 19-ஆல் வகுப்பதா என்ற ஒரே வேறுபாட்டில் பட்டையின் அகலம் இரண்டரை சதவீதம் கூடும், குறையும்.

கலப்பது எப்படி என்பது இது. எதை எடுத்துக் கலக்கிறோம் என்ற கேள்வி இதைவிடப் பெரிது.

தேசியப் பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ் காலை 9.15-க்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது. 375 நிமிடம். ஒரு மணி நேர கேண்டிலாக இதை வெட்டிப் பாருங்கள், சரியாக வராது. 9.15-இலிருந்து அளந்தால் கடைசியில் 15 நிமிடத் துண்டு ஒன்று மிஞ்சும். கடிகாரத்தின் முழு மணிப்படி வெட்டினால் முதல் கேண்டில் 45 நிமிடம். வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் கிரீன்விச் மணிப்படி வெட்டினால், நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளி இருப்பதால், முதல் கேண்டில் 9.30-க்கே மூடிக்கொள்ளும். ஒரே நாள், மூன்று விதமான மணிக் கேண்டில்கள். ஒவ்வொன்றின் இறுதி விலையும் வேறு. அதன்மேல் போடும் இண்டிகேட்டரும் வேறு. நம் ஊர் டிரேடர்கள் பலர் 75 நிமிட கேண்டிலை விரும்புவது ஏன் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு விளங்காது. 375-ஐ 75 ஐந்தாகச் சுத்தமாக வெட்டும். 125 மூன்றாக வெட்டும். பிளாட்ஃபார்ம் பார்க்கப் போனால், ‘75 நிமிடம் வைக்க முடியுமா?’ என்ற கேள்வி ஒன்றே அது நம் சந்தையை அறிந்ததா என்று காட்டிவிடும்.

நாளின் கடைசி விலை எது என்பதிலும் இதே வம்பு. இது ரொம்பப் பழைய வம்பு. ஜப்பானின் ஒசாகாவில் தோஜிமா என்ற இடத்தில் அரிசிக்கு முன்பேர வணிகம் நடந்தது. 1730-இல் ஷோகுன் ஆட்சி அதற்கு முறைப்படி அனுமதி தந்தது. மூட்டை எதுவும் கைமாறாமல், கணக்குப் புத்தகத்திலேயே வாங்கி விற்று, வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் வணிகம். நாள் முடிவை எப்படி அறிவித்தார்கள் தெரியுமா? ஒரு கயிற்றில் தீ வைத்துத் தொங்கவிட்டார்கள். கயிறு எரிந்து முடிந்தால் சந்தை முடிந்தது. அந்த நேரத்து விலைக்குத் தீக்கயிற்று விலை என்றே பெயர். அப்படியும் கலையாமல் கத்திக்கொண்டிருந்த வியாபாரிகள்மீது தண்ணீரை வாரி இறைப்பதற்குத் தனியே ஆட்கள் இருந்தார்கள். (இன்றைய சந்தைக்கும் இந்த வசதி இருந்தால் நன்றாக இருக்கும்.) கேண்டில் சார்ட்டைக் கண்டுபிடித்தவராக எல்லாப் புத்தகங்களும் சொல்லும் ஹோம்மா முனேஹிஸா அந்தக் காலத்து அரிசி வியாபாரிதான், ஆனால் அவர் கையால் கேண்டில் வரைந்தார் என்பதற்கு ஆதாரம் மெலிவு.

இன்றைய கயிறு வேறு மாதிரி எரிகிறது. நிஃப்டி ஃபியூச்சர்ஸுக்கு நாள் முடிவில் லாப நட்டம் தீர்க்கும் விலை, கடைசியாக நடந்த பேரத்தின் விலையாக இருப்பதில்லை. கடைசி அரை மணி நேரத்துப் பேரங்களை, அளவுக்கேற்ற எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். சிகாகோவில் எஸ் அண்ட் பி 500 இ-மினிக்கு அதே வேலையை அந்த ஊர் நேரம் பிற்பகல் 2.59.30 முதல் 3 மணி வரை, முப்பதே நொடிப் பேரங்களை வைத்து முடிக்கிறார்கள்; அதற்குப் பிறகும் அங்கே வணிகம் ஒரு மணி நேரம் ஓடும். தினசரி சார்ட்டில் ‘இறுதி விலை’ என்று உங்கள் பிளாட்ஃபார்ம் வைத்திருப்பது இந்தத் தீர்வு விலையா, கடைசிப் பேர விலையா? மூன்றரை மணிக்குச் சந்தை துள்ளிய நாளில் இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருக்கும். நல்ல பிளாட்ஃபார்ம் என்றால் எது என்று எழுதியிருக்கும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் விடும்.

ஃபியூச்சர்ஸுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பங்கு சார்ட் பார்த்துப் பழகியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். பங்குக்குச் சாவு கிடையாது. ஃபியூச்சர்ஸுக்கு எக்ஸ்பைரி உண்டு. நிஃப்டி மாத ஒப்பந்தம் மாதக் கடைசிச் செவ்வாயன்று முடிந்துவிடும். ஐந்து வருட சார்ட் என்று திரை காட்டுகிறதே, அப்படி ஒரு பொருள் கிடையாது. அறுபது ஒப்பந்தங்களை ஒன்றோடொன்று ஒட்டுப்போட்ட துணி அது. ஒட்டுப்போடும் இடத்தில்தான் வில்லங்கம். முடியும் ஒப்பந்தம் 25,000-இல் நிற்கிறது, அடுத்த மாதத்தது 25,150-இல் இருக்கிறது என்று வையுங்கள். கூடுதல் 150 புள்ளி, பெரும்பாலும் ஒரு மாதத்து வட்டிக் கணக்கு. அப்படியே ஒட்டினால் சார்ட்டில் 150 புள்ளி ஏற்றம் தெரியும். அந்த ஏற்றத்தில் ஒருவரும் ஒரு பைசா சம்பாதித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆர்.எஸ்.ஐ.க்கு அது தெரியாது. ஏற்றம், இறக்கம் இரண்டின் சராசரியும் 60 புள்ளியாக, ஆர்.எஸ்.ஐ. நடுநிலையாக 50-இல் இருந்தது என்றால், சந்தை அசையாமலேயே அது 54-ஐத் தாண்டும்.

இதைத் தீர்க்கப் பழைய ஒப்பந்தங்களின் விலைகளையெல்லாம் 150 புள்ளி உயர்த்தி ஒட்டை மறைக்கலாம். மறைத்தால் இண்டிகேட்டர் சரியாகும். ஆனால் சார்ட்டில் தெரியும் பழைய விலைகள் யாரும் எந்நாளும் வாங்கி விற்காத விலைகளாகிவிடும். போன வருட உச்சத்தில் கோடு போட்டு ‘இங்கே தடை இருக்கிறது’ என்பவர், நடக்காத விலையில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அடுத்த மாத விலை குறைவாகவே இருந்துவரும் சரக்குகளில் இந்தத் திருத்தம் எதிர்ப்பக்கம் இழுக்கும். பல வருடம் பின்னால் போனால் பழைய விலை பூஜ்யத்துக்குக் கீழேகூட இறங்கிவிடும். இண்டிகேட்டருக்கு ஒரு சார்ட், விலை மட்டங்களுக்கு ஒரு சார்ட் என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. ஒட்டு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று சொல்லாத, மாற்றவும் விடாத பிளாட்ஃபார்மை ஃபியூச்சர்ஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நானூறு இண்டிகேட்டர் இருந்தாலும்.

பூஜ்யத்துக்குக் கீழே விலை என்பது ஒட்டுப்போடும் கணக்கில் மட்டும் நடக்கும் வேடிக்கை என்று 2020 வரை நினைத்திருந்தோம். அந்த ஆண்டு ஏப்ரல் 20, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கொரோனா ஊரடங்கில் எண்ணெய் வாங்க ஆளில்லை, வைக்க இடமில்லை. எடுத்துக்கொண்டு போனால் போதும், காசும் தருகிறோம் என்ற நிலை. எதிர்மறை விலை வரலாம், மென்பொருளைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று சிகாகோ சந்தை சில நாள் முன்பே அறிவித்திருந்தது. எல்லோரும் செய்யவில்லை. பெரிய அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் மென்பொருளுக்கு மைனஸ் குறி புரியவில்லை. விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது வாடிக்கையாளர்களால் வெளியேற ஆர்டர் போட முடியவில்லை. அந்நாட்டு முன்பேர ஆணையம் 2021-இல் அதற்கு 17.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

நம் ஊரில் அன்றைக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஊரடங்கால் எம்.சி.எக்ஸ். சரக்குச் சந்தையை மாலை ஐந்து மணிக்கே மூடிக்கொண்டிருந்தார்கள். மூடும்போது கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல். இரவில் அமெரிக்காவில் நடந்ததை இங்கிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. ஒப்பந்தம் கடைசியில் மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்க்கப்பட்டது. அந்த எண்ணை எந்தச் சதவீத இண்டிகேட்டரில் போட்டாலும் வரும் விடைக்கு அர்த்தமில்லை. லாக் அளவுகோலில் அதற்கு இடமே கிடையாது.

இனி, பார்க்க அழகாக இருந்து ஆளைக் கவிழ்க்கும் ஒரு வகை. பழைய சார்ட்டில் எல்லா உச்சியிலும் விற்பனை அம்பு, எல்லாப் பள்ளத்திலும் வாங்கும் அம்பு என்று கச்சிதமாகப் போட்டிருக்கும் இண்டிகேட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜிக்ஜாக் என்ற பழைய கருவியை எடுத்துக்கொண்டால் ரகசியம் புரியும். விலை ஓர் உச்சியிலிருந்து ஐந்து சதவீதம் இறங்கிய பிறகுதான் ‘அது உச்சி’ என்று அதற்குத் தெரியும். தெரிந்ததும் பின்னால் போய் உச்சியில் குறி போட்டுவிடும். குறி போட்டது இன்றைக்கு. தெரிவது போன வாரத்து இடத்தில். டிரேடர்கள் இதை ரீபெயிண்ட் என்பார்கள். தேர்வு முடிந்து விடைத்தாளைத் திருத்திக்கொண்டு மார்க் கேட்பதுபோல. ஜிக்ஜாக் தன் குணத்தை மறைப்பதில்லை. அதை உள்ளே வைத்துக்கொண்டு வேறு பெயரில் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் ‘ஸ்பெஷல் இண்டிகேட்டர்கள்’ மறைக்கின்றன. பிடிப்பதற்கு வழி எளிது. ரீபிளே வசதி உள்ள பிளாட்ஃபார்மில் பழைய நாள் ஒன்றை ஒவ்வொரு கேண்டிலாக ஓடவிட்டுப் பாருங்கள். போட்ட அம்பு நகர்ந்தால், காணாமல் போனால், கடையைக் கட்டச் சொல்லுங்கள். ஹெய்கின் ஆஷி கேண்டிலில் பேக்டெஸ்ட் செய்து கோடீஸ்வரக் கனவு காண்பதும் இதற்குச் சித்தப்பா முறை: அந்தக் கேண்டில் விலைகள் சராசரிகள், அந்த விலையில் சந்தையில் யாரும் விற்கத் தயாராக இருந்திருக்க வேண்டியதில்லை.

சரி, எதைத்தான் எடுப்பது? நண்பரும் இதைத்தான் கேட்டார். நான் சொன்னது இது. உலாவியிலேயே ஓடி, பார்த்தவுடன் பழகிவிடுவது வேண்டுமென்றால் டிரேடிங்வியூ போன்றது சுகம். பைன் ஸ்கிரிப்ட் என்ற அதன் மொழியில் இண்டிகேட்டர்களை நாமே எழுதலாம், பிறர் திறந்து வைத்திருக்கும் சூத்திரங்களைப் படிக்கலாம். பல வருடத் தரவை வைத்துப் பொறுமையாகச் சோதிக்க நினைப்பவர்களுக்கு, சொந்தக் கணினியில் ஓடும் அமிபுரோக்கர் நம் நாட்டில் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் தரவை வேறிடத்தில் வாங்கிச் சேர்க்க வேண்டும், அதன் மொழியோடு மல்லுக்கட்டவும் வேண்டும். தரகு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் சார்ட் அன்றாடத்துக்குப் போதும். அவற்றுக்கு வரும் விலை, சந்தையில் நடக்கும் ஒவ்வொரு பேரமுமாக இருப்பதில்லை. நொடிக்குச் சில முறை எடுத்த மாதிரிகள். நடுவில் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய உச்ச விலை அதில் விட்டுப்போகலாம். ஒரு நிமிட கேண்டிலில் இது உறுத்தும், தினசரி கேண்டிலில் தெரியவே தெரியாது.

இண்டிகேட்டர் எத்தனை என்று எண்ணவே எண்ணாதீர்கள். ஆர்.எஸ்.ஐ., ஸ்டொகாஸ்டிக், எம்.ஏ.சி.டி. மூன்றும் அதே கேண்டில்களின் விலைகளிலிருந்துதான் பிறக்கின்றன. மூன்றும் ‘வாங்கு’ என்றால் மூன்று சாட்சி கிடைத்ததாக நினைக்கக்கூடாது. ஒரே ஆள் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து சொல்கிறான். சார்ட் காட்டும் செயலியையும் பணம் வாங்கும் தரகரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். சார்ட் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் போடும் இடம் செபியில் பதிவு செய்ததா என்று செபி இணையதளத்திலேயே பதிவு எண்ணைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். சமூக வலைத்தளத்தில் வந்த சுட்டியைத் தட்டி இறக்கிய செயலியில் அழகான சார்ட் ஓடுவது எதற்கும் சான்றாகாது.

இன்னொன்றையும் நண்பரிடம் சொல்லாமல் வர மனசு வரவில்லை. 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பிளாட்ஃபார்மைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஏழு சதவீதத்தில் சேர்ந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். சரியான பிளாட்ஃபார்ம், எண் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும். அந்த எண்ணுக்கு நாளைய விலை தெரியும் என்று வைல்டர் சூத்திரத்தில் எந்த இடத்திலும் இல்லை.

நண்பர் சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிடவில்லை. ‘எழுபதைத் தாண்டினால்’ என்பதற்கு மேலே பேனாவால் ‘வைல்டர் கணக்கில்’ என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீங்களும் புதிய பிளாட்ஃபார்முக்கு மாறப் போகிறீர்களா? பணம் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை மூடியிருக்கும்போது உட்காருங்கள். சார்ட்டில் வெள்ளிக்கிழமை வரை முடிந்த நூறு கேண்டிலின் இறுதி விலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் ஆறு பத்தி போதும்: விலை, ஏற்றம், இறக்கம், ஏற்றத்தின் கலவை, இறக்கத்தின் கலவை, ஆர்.எஸ்.ஐ. பதின்மூன்று பங்கு பழையது, ஒரு பங்கு புதியது. கடைசி வரியில் வரும் எண் திரையில் தெரியும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காரணம் கேளுங்கள். விளக்கம் வரும்வரை பணத்தை அனுப்ப வேண்டாம்.